ஜோஷிகாவின் வெண்டைக்காய்

நிதர்சன் வண்டியை நிறுத்திய இடமே வம்புக்கு இழுப்பதாக இருந்தது. களத்தில் அவ்வளவு இடம் சும்மா கிடக்க, ஜோஷிகா முந்தின நாள்தான் இடுப்பொடியப் பிடித்து விட்டிருந்த கொத்தவரைப் பாத்தியின் மேல் சக்கரத்தை ஏற்றி நிறுத்திவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினான்.

"என்னக்கா இது, இப்படி நாறுது?"

"மீனும் கருப்பட்டியும் ஊறுது" என்றாள் ஜோஷிகா. "ரசாயனம் ஒரு துளி படக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்கதான. பெறவு செடி என்னத்தத் திங்கும்? உங்க சட்டத்தையா?"

"தொட்டியை இன்னைக்கே எடுத்துருங்க. உங்க வெண்டைக்காயைச் சாப்பிட்ட வீட்டுல இந்த நாத்தம் தொண்டை வரைக்கும் வந்துதாம்."

"வரட்டும். எனக்குத் தெனமும் வருது."

"நாத்தத்தை விடுங்க. கோபம் வந்திருக்கு. ஒரு பெரியவர் சாப்பிட்டுக்கிட்டே தட்டைத் தூக்கி எறிஞ்சிருக்காரு. எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு? பறிக்கும்போது மனசைச் சாந்தமா வச்சுக்கணும். நீங்க இங்க எப்படி இருக்கீங்களோ அதுதான் அங்க தட்டுல விழுது."

"அப்போ ஒங்க நெனப்புதான் விழுந்திருக்கும் சார்வாள். ஒங்களத்தான் நெனைச்சுக்கிட்டுப் பறிக்கேன்."

அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கையில் இருந்த கருவியில் எதையோ தட்டினான். "புதன்கிழமை உங்க முறைத் தண்ணி நிறுத்தி வச்சிருக்கேன். இது ரெண்டாவது எச்சரிக்கை. மூணாவது வந்தா உரிமம் போயிரும், ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். எடுக்கும்போது பாத்தியின் மிச்சமும் போனது.

ஜோஷிகாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "எடுபட்ட பய" என்று வண்டி மறையும்வரை திட்டினாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு வெண்டைக்குள் இறங்கினாள். பறிப்பு நாள் அது. யார் மேல் கோபம் இருந்தாலும் வெண்டை பறித்தாக வேண்டும்.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஜோஷிகா, மிருதுளா, ஹர்ஷினி என்று பெற்றவர்கள் ஆசை ஆசையாகத் தேடி வைத்த பெயர்களெல்லாம் இப்போது நாற்பதைத் தாண்டி, முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு, களைக்கொத்தோடு நிற்கின்றன. பெயர் வாயில் நுழையாத ஊருக்கு அவள் சோசியக்கா. கடையம் பக்கம் மலையடிவாரத்தில் வடக்குச்செவல் என்ற ஊரில், ஒற்றை ஆளாக ஒரு தோட்டத்தைக் கட்டி மேய்க்கிறவள். புருஷன் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். அதற்காக அவள் அழுததில்லை. அழுதது நிலத்துக்காகத்தான்.

அவள் கைக்கு வந்தபோது அந்த மண் செத்துக் கிடந்தது. இரண்டு தலைமுறை கொட்டிய உப்பு உரத்தில் மண்வெட்டி இறங்காமல் இறுகிப் போயிருந்தது. தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, மறுபடி விதைத்து மறுபடி உழுது, ஆடு மேய்க்கும் கீதாரிகளின் கையைக் காலைப் பிடித்து ஆட்டுக்கிடை போட்டு, எருக்கும் நொச்சியும் வேம்பும் மாட்டு மூத்திரத்தில் ஊறப்போட்டுப் பூச்சியை விரட்டி, ஒரு வழியாக மண்ணைக் கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும் நிலைக்குக் கொண்டுவந்தாள். முதல் மண்புழுவைப் பார்த்த அன்று பைத்தியக்காரி மாதிரி மிருதுளாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். உரிமம் போனால் கால்வாய்த் தண்ணீர் கிடையாது. தண்ணீர் இல்லாமல் ஒரு கோடை போதும், மண் பழையபடி கல்லாகிவிடும். அந்தப் பயம்தான் அவளை அந்தப் பட்டையைக் கழுத்தில் ஒட்டிக்கொள்ள வைத்தது.

பட்டை வந்த காரணம் நல்ல காரணம்தான். முன்பு நகரத்துக் கடைகளில் எல்லாக் காய்க்கும் 'இயற்கை' என்று ஒரு பச்சை முத்திரை குத்தியிருப்பார்கள். மருந்தில் குளித்து வந்த கத்தரிக்காய்க்கும் அதே முத்திரைதான். ஏமாந்து ஏமாந்து சலித்த சனங்கள், நாங்கள் தின்பது எங்கே விளைகிறது, யார் விளைவிக்கிறார்கள், எப்படி விளைவிக்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும் என்று போராடிச் சட்டம் வாங்கினார்கள். பக்கத்து ஊர்களில் விளைந்ததை மட்டுமே நகரம் வாங்கலாம் என்று ஆனது. அருகுணவுக் கழகம் என்று ஒன்றை ஏற்படுத்தி, தோட்டங்களைப் பார்த்துக்கொள்ள நிதர்சன் மாதிரிக் களப் பேணுநர்களை வைத்தார்கள். முத்திரை பொய் சொல்லும், படம் பொய் சொல்லும், உடம்பு பொய் சொல்லாது என்று யாரோ ஒரு கெட்டிக்காரர் இந்தப் பட்டையைக் கண்டுபிடித்தார். நகம் அளவு இருக்கும். பறிப்பவர் பிடரியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த உடம்பு பட்டதெல்லாம், வெயில், முதுகுவலி, அரிப்பு, சந்தோஷம், எரிச்சல் எல்லாம் அன்றைய காய்ப் பெட்டியோடு போகும். சாப்பிடுகிறவர் காதுக்குப் பின்னால் ஒரு பொத்தானை ஒட்டிக்கொண்டால், சாப்பிட்டு முடிக்கும்வரை அதெல்லாம் அவர் உடம்பில் ஓடும். காரணம் மட்டும் போகாது. கோபம் போகும், யார் மேல் கோபம் என்பது போகாது.

வெண்டை பறிப்பதில் கோபப்படக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. காயின் சுணை கையை அரிக்கும். பழைய காலுறையின் நுனியை வெட்டிக் கையில் மாட்டிக்கொண்டாலும் கழுத்திலும் காதிலும் அரிக்கும். நுனியை விரலால் வளைத்துப் பார்த்துப் பிஞ்சா முற்றலா என்று தெரிந்து பறிக்க வேண்டும். அன்று ஜோஷிகா ஒவ்வொரு காயையும் நிதர்சனின் கழுத்தாக நினைத்துக்கொண்டுதான் திருகினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது.

மதியம் பக்கத்துத் தோட்டத்து மிருதுளா சோற்று வாளியோடு வேப்பமரத்தடிக்கு வந்தாள். அவளுக்குக் கீரைத் தோட்டம். நல்ல மனசுக்காரி, ஆடு கீரையை மேய்ந்துவிட்டுப் போனால் ஆட்டுக்கு விக்கியிருக்குமோ என்று கவலைப்படுகிற ரகம்.

"யக்கா, பறிக்கும்போது ஏதாவது பாட்டு முணுமுணுத்துக்கிட்டுப் பறியேன்" என்றாள். "எனக்கெல்லாம் ஒரு நாளும் எச்சரிக்கை வந்ததில்ல. தண்ணிகூட எனக்குத்தான் மொதல்ல தொறந்து விடுதாவ. மவளுக்குப் படிப்புச் செலவும் கழகமே குடுக்கு."

"ஒனக்கு வாய்ச்சது அப்படி. எனக்கு அந்த மூதேவில்லா வந்து வாய்ச்சிருக்கு."

"நிதர்சன் சாரா? எங்கிட்டத் தங்கமாப் பேசுவாரே."

"தங்கமா? நல்லாச் சொன்ன போ. ஊர்ல ஒனக்கும் அந்த ஜெபசிங் அண்ணாச்சிக்கும்தான் எல்லாரும் தங்கமாத் தெரியுது."

ஜெபசிங் தக்காளி போடுகிறவர், ஜோஷிகாவின் தோட்டத்துக்கு மேற்கே. பெண்சாதி ஷீபா இறந்த பிறகு யாரோடும் அதிகம் பேசமாட்டார். கொஞ்ச நாளாக மாதத்துக்கு ஒருமுறை ஷீபா தொலைபேசியில் தன்னைக் கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வார்த்தைதான் பேசுவாளாம், சாப்பிட்டீங்களா என்று கேட்பாளாம். ஊரில் எல்லாரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் போய்ச் சிரித்தார்கள்.

"புதன்கிழமைத் தண்ணியைப் பத்திப் பேச நாளக்கழிச்சு நான் தென்காசிக் கழக ஆபீசுக்குப் போணும் மிருது" என்றாள் ஜோஷிகா. "அன்னைக்குத்தான் அடுத்த பறிப்பு."

"நீ போயிட்டு வா. நான் பறிக்கேன். எனக்குக் கீரை விதைக்கைல நீ வந்த கணக்கு இருக்குல்லா."

வடக்குச்செவலில் மாற்றாள் போவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் தோட்டத்தில் மற்றவர் உழைக்கப் போகும்போது தன் கூடையையோ அரிவாளையோ கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் கூலிக்கு வந்ததாக அர்த்தம். அது இரண்டு வீட்டுக்கும் கேவலம். தோட்டக்காரரின் சாமான்தான் எல்லாம். சும்மாடு, காலுறை, தண்ணீர்ச் செம்பு வரை அவருடையதுதான். ஜோஷிகாவின் சாமான்கள் மோட்டார் அறை ஆணியில் தொங்கின. அவற்றோடு பட்டையும் ஒட்டியிருந்தது. மிருதுளா காலுறையை மாட்டினாள், கூடையை எடுத்தாள், பட்டையைப் பிடரியில் ஒட்டிக்கொண்டு பறித்தாள். அதில் ஒரு தப்பும் அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்த ஜோஷிகாவுக்கும் தெரியவில்லை.

தென்காசியில் அவளை வெளியிலேயே உட்கார வைத்துச் சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். கோபத்தோடு திரும்பியவளுக்கு, அடுக்கி அனுப்பிய பெட்டிகளைப் பற்றி மிருதுளா சொன்னதும் ஒரு ஆறுதல் பிறந்தது. இந்த முறை போனது மிருதுளாவின் மனசு. நகரத்துக்காரர்கள் சொக்கிப் போவார்கள். நிதர்சன் வாயைத் திறக்க முடியாது.

மறுநாள் நிதர்சன் வந்தான். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். மூக்கைப் பொத்தவில்லை.

"என்னக்கா பண்ணீங்க? பெட்டி பூரா திரும்பி வந்துருச்சு."

"ஏன்? கோபமா வந்திருக்கு?"

"கோபம் இல்லைன்னுதான் திரும்பி வந்திருக்கு."

ஜோஷிகாவுக்கு விளங்கவில்லை. அவன் வரப்பில் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தான். நல்ல கால்சட்டை பாழாகிறதே என்றுகூடப் பார்க்கவில்லை.

"உங்க வெண்டைக்காய்க்குத் தனி வரிசை இருக்குக்கா. காரப் பெட்டின்னு பேரு. மத்த வெண்டைக்காயைவிட நாலு மடங்கு விலை. போட்டி போட்டு வாங்குறாங்க."

"ஏன் வாங்குதாவ? தட்டைத் தூக்கி எறியவா?"

"ஆமா. அதுக்குத்தான்." அவன் தலையைக் குனிந்துகொண்டே பேசினான். "அவங்க ஆபீஸ்ல முகத்தைப் பாத்துக்கிட்டே ஒரு கேமரா இருக்கு. புருவம் சுருங்கினா பதிவாகும். குடியிருப்புல சத்தமாப் பேசினா புள்ளி குறையும். யாரும் யார் மேலயும் கோபப்பட முடியாதுக்கா. வீட்டுக்கு வந்து உங்க வெண்டைக்காய்ப் பொரியலைச் சாப்பிட்டுட்டு, பல்லைக் கடிச்சு, கையை முறுக்கி, அழுது, அப்புறம் நிம்மதியாத் தூங்குறாங்க. டாக்டரே எழுதிக் குடுக்குறாரு. உங்களை மாதிரி முழுசாக் கோபப்படுறவங்க இந்த வட்டாரத்துலயே இல்ல."

ஜோஷிகா வெண்டைச் செடிகளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"பாத்தியில வண்டியை ஏத்தினது?"

அவன் வரப்புப் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"போன மாசம் பஸ் நெறைய டவுன் ஆளைக் கூட்டியாந்து நாத்தைப் பூரா மிதிக்க விட்டது? முறைத் தண்ணியை நிறுத்தினது? எல்லார் முன்னாலயும் என்னை அழுக்குப் பொம்பளைன்னது? எல்லாமே பறிப்பு அன்னைக்குக் காலையில, இல்லன்னா முந்தின நாள்லதான வந்திய?"

"அட்டவணைக்கா. என்னைக்கு என்ன செய்யணும்னு அங்கேருந்து வரும். களப் பேணுநர்னா நீங்க மண்ணைப் பேணுறவன்னு நெனைச்சீங்க. பேணச் சொன்னது உங்களை." அவன் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சினான். "நான் அப்படிப்பட்டவன் இல்லக்கா. எங்க வீட்டுல நான் யாரையும் அதட்டினதுகூட இல்ல. ஒவ்வொரு தடவையும் உங்ககிட்டப் பேசிட்டுப் போய் வண்டியை ஓரமா நிறுத்தி வாந்தி எடுத்திருக்கேன்."

"அப்போ மிருதுளாவுக்கு?"

"அவங்க அமைதிக் கீரை. அவங்க மனசு நோகக் கூடாது. அதான் படிப்புச் செலவு, முதல் தண்ணி."

"ஜெபசிங் அண்ணாச்சி?"

நிதர்சன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். "அழ முடியாதவங்க வாங்குறது அவர் தக்காளி. அந்தப் போன் குரல்... அது நாங்க செஞ்சதுதான். தயவுசெஞ்சு அவர்கிட்டச் சொல்லிராதீங்கக்கா, மனுஷன் தாங்கமாட்டாரு."

அவன் தோள் குலுங்க அழுதான். இத்தனை நாள் அவனைச் சபித்த ஜோஷிகா மோட்டார் அறைக்குப் போய் மோர் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். பாவம், இவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை, வயிற்றுப் பாட்டுக்கு இதைச் செய்கிறான் என்று தோன்றியது. அவன் போகும்போது, "நாளைக்கு அடுத்த பறிப்பு. எப்படியாவது பாத்துக்கோங்க. இதுவும் திரும்பி வந்தா மூணாவது எச்சரிக்கை ஆயிரும், என்னால தடுக்க முடியாது" என்றான். ஒரு வருஷமாக ஒவ்வொரு தடவையும் அவன் 'ரெண்டாவது எச்சரிக்கை' என்றே சொல்லி வந்திருப்பதை அப்போதுதான் அவள் நினைத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அவள் பட்டையை ஒட்டிக்கொண்டு வெண்டைக்குள் இறங்கியபோது கோபத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. நிதர்சன் மேல் இருந்த பழைய எரிச்சல் எல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆக்குகிற கோபம் அது. அந்தக் கழகத்தின் மேல், முகம் தெரியாத அந்த வீடுகளின் மேல், தன்னை ஊறப்போட்டுத் தின்ற அத்தனை வாய்களின் மேல். காம்புகளைக் கோணல்மாணலாக ஒடித்தாள். செத்த மண்ணை எழுப்ப அவள் என்னவெல்லாம் செய்தாளோ, அதையெல்லாம் யாரோ அவளுக்குச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். மடக்கி உழுதிருக்கிறார்கள். எரு போட்டிருக்கிறார்கள். நேரம் பார்த்துத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள்.

பாதித் தோட்டம் முடிந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை. ஜெபசிங்கிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். தாங்குகிறாரோ இல்லையோ, செத்த மனைவியின் குரலை வைத்து ஒரு மனுஷனை ஏமாற்றுவதை வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்க முடியாது. அவரையும் மிருதுளாவையும் கூட்டிக்கொண்டு நேரே கழகத்து வாசலுக்குப் போக வேண்டும். கூடையை வரப்பில் இறக்கிவிட்டு வேலியைத் தாண்டினாள்.

தக்காளிக் கொடிகள் மூங்கில் பந்தலில் ஆளுயரத்துக்கு ஏறியிருந்தன. அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. ஜோஷிகா நின்றாள்.

"...அட்டவணைண்ணாச்சி. அங்கேருந்து வரும். அந்தக் குரல் நாங்க செஞ்சது." நிதர்சனின் குரல் உடைந்தது. "நான் அப்படிப்பட்டவன் இல்லண்ணாச்சி. எங்க வீட்டுல நான் யாரையும் நோகடிச்சதுகூட இல்ல. ஒவ்வொரு தடவையும் இங்கேருந்து போய் வண்டியை ஓரமா நிறுத்தி வாந்தி எடுத்திருக்கேன்."

அதே இடத்தில் நிறுத்தினான். அதே இடத்தில் மூக்கை உறிஞ்சினான்.

கொடிகளின் இடைவெளியில் ஜெபசிங் தெரிந்தார். தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் பறித்த தக்காளி ஒன்று இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றாமல் பிடித்திருந்தார். "சாப்பிட்டீங்களான்னு கேட்டாளே" என்றார். பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஷீபாவைப் புதைத்த அன்றுகூட அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்ததில்லை. அவர் பிடரியில் பட்டை ஒட்டியிருந்தது.

நிதர்சன் எழுந்து கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான். திரும்பியபோது ஜோஷிகாவைப் பார்த்தான். திடுக்கிடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கைக்கருவியை எடுத்து மணி பார்த்தான்.

"இதுவும் அட்டவணைதானா?" என்றாள் ஜோஷிகா.

"ஒரு பெட்டி திரும்பி வந்தா, உண்மையைச் சொல்லிரணும். அண்ணாச்சியோடதும் இந்த வாரம் ஒண்ணு திரும்பி வந்துச்சு. போன் வந்து வந்து அவருக்குச் சந்தோஷமாயிருச்சு." அவன் குரலில் அழுகை இருந்த சுவடே இல்லை. "பறிப்பு முடிஞ்சுதாக்கா?"

"பாதிதான்."

"பட்டை?"

அவள் கை தன்னையறியாமல் பிடரிக்குப் போனது. இருந்தது.

"அப்போ போய் மிச்சத்தையும் பறிங்க, இது ஆறுறதுக்குள்ள" என்றான் நிதர்சன். "தண்ணி தொறந்து விட்டாச்சு. மூணாவது எச்சரிக்கையும் கிடையாது."

வேலிக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் ஓடி வரும் சத்தம் கேட்டது. காய்ந்து கிடந்த பாத்திகள் ஒவ்வொன்றாக நனைந்துகொண்டிருந்தன. அவன் கன்னத்தில் அறைய வேண்டும் என்று கை துடித்தது. அறைந்தால் அதுவும் பெட்டியில்தான் போகும். பட்டையைப் பிய்த்து எறியலாம். எறிந்தால் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள். பிள்ளை மாதிரி வளர்த்த மண் சாகும். வெண்டைக்காய் ஒரு நாள் விட்டால் நாராகிவிடும்.

ஜோஷிகா வேலியைத் தாண்டிப் போய் மிச்சத்தையும் பறித்தாள்.